மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவதா?

புதுச் செருப்பு காலைக் கடித்தால் செருப்பைக் குறை சொல்கிறோம். புதுக் குடை ஒழுகினால் குடை விற்றவனோடு சண்டைக்குப் போகிறோம். புது ஃபோன் கெட்டுப் போனால் மட்டும் நம்மையே நாம் குறை சொல்லிக் கொள்கிறோம். "நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது" என்று கையைப் பிசைந்துகொண்டு கடைவாசலில் போய் நிற்கிறோம். பணம் கொடுத்தவர் கூண்டில் நிற்க, பணம் வாங்கியவர் நீதிபதியாக உட்கார்ந்து விசாரிக்கும் இந்த விசித்திரமான கச்சேரியை நாம் யாரும் விசித்திரம் என்று நினைப்பதுகூட இல்லை.

இந்தப் பணிவை நமக்குக் கற்பித்தவர்கள் யார்? இதனால் யாருக்கு லாபம்? இதைக் கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

"நீர் கதை எழுதுகிறவர். யந்திரத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை?" என்று யாராவது கேட்கக் கூடும். சோற்றில் கல் இருக்கிறது என்று சொல்ல, சமையல் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? பல் இருந்தால் போதும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். தெரு முழுவதும் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான். அம்மாவின் பழைய ஃபோன் மெதுவாக வேலை செய்கிறது என்று, ஒரு தீபாவளிக்கு வந்தவன் பழையதைக் கொடுத்துப் புதியது ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போனான். பழையதில் இருந்த படங்கள், செய்திகள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியும் கொடுத்தான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

பதினெட்டாம் நாள் காலையில் அந்த ஃபோன் ஒரு செய்தி காட்டியது. அப்டேட் தயாராக இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று. டீச்சரம்மா சொன்னபடி செய்தார். ஃபோன் அணைந்தது. கம்பெனியின் பெயர் திரையில் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. அரைமணி நேரம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. மகனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், மகனுடைய நம்பர் அந்த ஃபோனுக்குள் இருக்கிறது. வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தலைகீழாகச் சொல்லக் கூடியவருக்குச் சொந்த மகனுடைய பத்து எண்கள் நினைவில் இல்லை. இன்று நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

"சார், கொஞ்சம் கூட வருகிறீர்களா?" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். போனேன்.

பழுது பார்க்கும் இடத்தில் இருந்த பையன் மரியாதையான பையன்தான். ஆனால் அவனுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டிருந்த கேள்விகள் இருக்கின்றனவே, அவை மரியாதையானவை அல்ல. "தண்ணி பட்டுச்சாம்மா? கீழே போட்டீங்களா? தெரியாத லிங்க் ஏதாவது அமுக்கினீங்களா? வேற சார்ஜர் போட்டீங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் டீச்சரம்மா, வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத மாணவியைப் போலத் தலையை ஆட்டினார். "அப்டேட்டில் ஏதாவது கோளாறா?" என்ற கேள்வி மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. "ரீசெட் பண்ணிட்டாச் சரியாயிடும்மா" என்றான். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டான். "செய்யட்டும் டீச்சர், அவர்களுக்குத் தெரியாதா?" என்று நானும் சொன்னேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

சில நிமிஷங்களில் ஃபோன் உயிரோடு திரும்பி வந்தது. அப்பழுக்கில்லாத புத்தம் புதிய ஃபோன். அதில் ஒன்றுமே இல்லை.

டீச்சரம்மா அதை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அவர் பேசினது?" என்று கேட்டார்.

கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மூன்று வாரங்களில் அனுப்பிய குரல் செய்திகள். முப்பதுக்கு மேல் இருந்தனவாம். பெரிய தத்துவம் ஒன்றும் பேசவில்லை மனிதர். 'ரேழி விளக்கை அணைச்சியா?', 'பால்காரனுக்கு ஒண்ணாந் தேதி கணக்குத் தீர்த்துடு', 'மத்தியானம் வெயில்ல வராதே' என்று இப்படி. அவ்வளவுதான். ராத்திரி தூக்கம் வராதபோது டீச்சரம்மா அவற்றில் ஒன்றைப் போட்டுக் கேட்பது வழக்கம்.

"பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்மா" என்றான் பையன்.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் இது ஒரு சோகக் கதையாகப் போயிருக்கும். விதி என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால் இரண்டு மாதத்துக்கெல்லாம் என் ஃபோனுக்கும் அதே வியாதி வந்தது. வேறு கம்பெனி, ஆனால் அதே கண்ணாமூச்சி. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் தமக்கையின் பேத்தி, என்ஜினீயரிங் படிக்கிறவள், அதைக் கையில் வாங்கினாள். இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்துக் கொண்டாள். அணைந்து எழுந்தபோது வேறு ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் 'சேஃப் மோட்' என்று எழுத்து வந்தது. முந்தின நாள் நான் ஆசையாகப் போட்டுக் கொண்ட ஓர் அலங்கார ஆப்பை நீக்கினாள். மறுபடி ரீஸ்டார்ட் செய்தாள். "இந்தாங்க தாத்தா" என்று நீட்டினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு படம், ஓர் எழுத்துப் போகவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிற்றில் ஏதோ புரண்டது. அன்றைக்கு அந்தக் கடையில் யாராவது ஒருவர் இந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருந்தால்?

டீச்சரம்மாவின் ஃபோனும் இதே வழியில் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் முயன்று பார்க்கவில்லை என்பது சத்தியம். என் குற்றச்சாட்டு அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை.

*

அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஒரு ஃபோன் கண் விழிப்பது, கல்யாண வீடு விடியற்காலையில் எழுந்திருப்பதைப் போன்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்திருப்பதில்லை. சில்லுக்குள் மாற்ற முடியாதபடி பதித்து வைத்த ஒரு சிறு நிரல் முதலில் எழுகிறது. அது அடுத்த நிரலின் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து அதை எழுப்புகிறது. அது அதற்கு அடுத்ததை. இப்படி வரிசையாக எழுந்து, மூல அமைப்பு ஓடத் தொடங்கி, பூட்டி வைத்த சேமிப்பு திறக்கப்பட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சேவகன் எழுந்து, கடைசியில்தான் நாம் போட்டு வைத்த ஆப்புகள் எழுந்திருக்கின்றன. இந்த வரிசையில் முக்கியமான ஒருவன் தடுக்கி விழுந்தால், வீடு முழுவதும் மறுபடி படுத்து மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறது. திரையில் கம்பெனியின் பெயர் வந்து வந்து போவது இதனால்தான்.

தடுக்கி விழுவதற்குக் காரணங்கள் பல. பேட்டரியில் எழுந்திருக்கப் போதுமான சக்தி இல்லாமல் இருக்கலாம். அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம். சேமிப்பிடம் நிரம்பி வழியலாம். நாம் போட்ட ஓர் ஆப் குறுக்கே படுத்திருக்கலாம். உள்ளே எழுதி வைத்த கணக்கு சிதைந்திருக்கலாம். அல்லது ஓர் உறுப்பே பழுதாகியிருக்கலாம்.

இப்பொழுது வாசகர்கள் ஒரு நிமிஷம் என்னோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். உறுப்பு பழுது என்றால், எல்லாவற்றையும் அழிப்பதால் பிரயோஜனம் இல்லை. அழித்த பிறகும் ஃபோன் எழுந்திருக்கப் போவதில்லை. ஆப்தான் காரணம் என்றால், அந்த ஓர் ஆப்பை நீக்கினால் போதும். அழிக்க அவசியம் இல்லை. சக்தி இல்லை என்றால், அரைமணி நேரம் சார்ஜில் போட்டால் தீர்ந்தது. ஆக, எல்லாவற்றையும் அழிப்பது உண்மையான மருந்தாக இருப்பது நடுவில் உள்ள சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே. ஆனால் கடையில் முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது எது? அதுதான். ஏனென்றால் அதற்கு யோசனை வேண்டாம், நேரம் வேண்டாம், இழப்பு கடைக்காரருடையதும் அல்ல. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவனாவது சொந்த வீட்டைக் கொளுத்தினான். இவர்கள் கொளுத்துவது நம் வீட்டை.

கொளுத்திய பிறகு சாம்பலிலிருந்துகூட எதையும் பொறுக்க முடியாது. இப்போதைய ஃபோன்களில் எல்லாம் சங்கேதத்தில் பூட்டித்தான் எழுதப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்து போகிறது. திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அதே காரணத்தால்தான் 'சரி' என்ற அந்த ஒரு வார்த்தை திரும்பப் பெற முடியாத வார்த்தையாக ஆகிறது. திரும்பப் பெற முடியாத வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து வாங்குமுன், அதன் பொருளை அவருடைய பாஷையில் சொல்ல வேண்டாமா?

அந்தக் கடைசித் திரை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு ஃபோன் பல முறை எழ முயன்று தோற்ற பிறகு, கறுப்புத் திரையில் சில வரிகள் காட்டும். நான் பார்த்தது ஆங்கிலத்தில். அதன் கீழே இரண்டே வழிகள். ஒன்று, மறுபடி முயற்சி செய். மற்றது, எல்லாவற்றையும் அழித்துவிடு. ஐஃபோனைக் கம்ப்யூட்டரில் இணைத்து மீட்கும்போதும் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'அப்டேட்' என்பதை அமுக்கினால், நம்முடையவற்றைத் தொடாமல் அமைப்பை மட்டும் மறுபடி போடப் பார்க்கும். 'ரிஸ்டோர்' என்பதை அமுக்கினால் எல்லாம் போயிற்று. 'ரிஸ்டோர்' என்றால் 'மீட்டுக் கொடுப்பது' என்றுதானே ஆங்கிலம் படித்தவரும் நினைப்பார்? அழிப்பதற்கு மீட்பது என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

*

"ஃபோன் கெடுவதற்கு வாங்கியவரே காரணம்" என்ற அனுமானம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையும் பார்த்து விடுவோம். உலகறிந்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு விநோதம் வெளிவந்தது. ஐஃபோனின் சில மாடல்களில் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, 1970 ஜனவரி 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்தால், அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டர்கள் பல, காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. அதை நெருங்கியதும் கணக்குத் தலைகீழாகிவிட்டது. ஆப்பிள் கம்பெனியே கோளாறை ஒப்புக்கொண்டு, மார்ச் மாதம் வந்த 9.3 அப்டேட்டில் சரி செய்தது. தேதியை மாற்றுவது ஒரு குற்றமா? 1970-க்கு முன்னால் பிறந்த என் போன்றவர்கள், பிறந்த தேதியை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அது பாவமா?

2020-ஆம் ஆண்டில் இன்னொன்று. அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில், பனியாற்றுத் தேசியப் பூங்காவில் உள்ள ஓர் ஏரியின் அந்திநேரப் படம். அழகான படம். அதைத் திரைப் படமாக வைத்த ஆண்ட்ராய்டு 10 ஃபோன்கள் பல, கம்பெனியின் பெயரைக் காட்டிக் காட்டி அணைந்துகொண்டே இருந்தன. அந்தப் படத்தில் நிறங்களைக் குறித்து வைத்திருந்த முறை வேறு. அதன் வெளிச்சத்தைக் கணக்கிட்டபோது விடை, 255 என்ற எல்லையைத் தாண்டிப் போயிற்று. தாண்டினால் என்ன செய்வது என்று நிரலை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். ஏரியைப் பார்த்து ஆனந்தப்பட்டவர்மீது என்ன தவறு?

உறுப்புப் பழுதுக்கும் உதாரணம் உண்டு. எல்ஜி கம்பெனி, தன் ஜி4 ஃபோன் இப்படிச் சுழன்று சுழன்று நிற்பதற்கு உள்ளே உறுப்புகளின் இணைப்பு தளர்ந்திருப்பதே காரணம் என்று 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அந்த ஃபோனையும் வேறு சில மாடல்களையும் பற்றி அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் சமரசம் ஏற்பட்டது. நெக்ஸஸ் 6பி என்ற ஃபோனைப் பற்றிய வழக்கில், 2019-இல் கூகுளும் ஹுவாவேயும் 97.5 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தன. இந்த ஃபோன்களை வைத்திருந்தவர்களில் எத்தனை பேரிடம், வழக்குக்கு முன்னால், "தண்ணீர் பட்டதா? கீழே போட்டீர்களா?" என்று கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கட்டிக் கொடுத்தவர்களே ஆடுகிறவளைப் பார்த்து, "உன் கால்தான் கோணல்" என்பது இந்தக் காலத்துப் புதுமை.

*

எதிர்த் தரப்பில் சொல்லக்கூடியதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

"இவ்வளவு சிக்கலான யந்திரத்தை இவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். பிழையே வரக்கூடாது என்றால் எப்படி?" என்பார்கள். பிழையே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழை வரும் என்பது அதைச் செய்த என்ஜினீயர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், அமைப்பை இரண்டு பிரதிகளாக வைத்து, புதியது எழாவிட்டால் பழையதைக் கொண்டு எழும் ஏற்பாட்டைக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2017-இல் வந்த 8.0 முதல், ஃபோன் சுழலில் மாட்டிக் கொண்டதைத் தானே கண்டுபிடித்துப் படிப்படியாகச் சிகிச்சை செய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. அழிப்பதை அது கடைசிப் படியாக வைத்திருக்கிறது. கவனியுங்கள், கடைசிப் படியாக! யந்திரத்துக்கு இருக்கிற அந்த நிதானம், அதை விற்கிறவர்களுக்கு இல்லை என்பதுதான் என் புகார்.

'அணைத்துப் போடுங்கள்' என்ற வைத்தியத்தையும் நான் கேலி செய்யவில்லை. அது நல்ல வைத்தியம். நாள் கணக்காக ஓடி, ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிற வேலைகளையெல்லாம் கலைத்துவிட்டு, வெறும் பலகையில் மறுபடி எழுதத் தொடங்குவது போன்றது அது. டீச்சரம்மாவுக்கு இது நன்றாகப் புரியும். கரும்பலகையை அழித்துக் கணக்கை முதலிலிருந்து போடச் சொன்னவர்தானே அவர்? ஆனால் கரும்பலகையை அழிப்பது வேறு; பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைக் கொளுத்துவது வேறு.

"பேக்கப் எடுக்காதது அவர் தவறுதானே?" என்பார்கள். புது ஃபோனை முதல் முறை திறக்கும்போது அது எத்தனை கேள்விகள் கேட்கிறது! சம்மதமா, சம்மதமா என்று கல்யாணப் பந்தலில்கூட அத்தனை தடவை கேட்கமாட்டார்கள். விளம்பரத்துக்குச் சம்மதமா, இருக்கும் இடத்தைத் தெரிவிக்கச் சம்மதமா என்ற கூட்டத்தின் நடுவே, 'உங்கள் கணவரின் குரலைப் பத்திரப்படுத்தவா?' என்ற கேள்வியும் எங்கேயோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. தவறாமல் பேக்கப் செய்கிறவர்களுக்கும் கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜி.பி. இடம். 2024 முதல் ஆண்ட்ராய்டு ஃபோன்களின் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் அதற்குள்ளேயே அடங்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதாமாதம் வாடகை. நெருப்பு வைக்கிறவர்களும் தீயணைக்க வாடகை கேட்கிறவர்களும் ஒரே சந்தையில் கடை போட்டிருக்கிறார்கள்.

"விளக்கம் எல்லாம் எங்கள் உதவிப் பக்கத்தில் இருக்கிறதே" என்று ஒரு பதில் உண்டு. இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. திறக்காத ஃபோனைத் திறக்கும் விதத்தை, திறந்த ஃபோனில்தான் படிக்க முடியும்! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "சாவி கொடுத்திருக்கிறோமே" என்கிற சாமர்த்தியம் இது. வீட்டில் ஒரே ஒரு ஃபோன் இருக்கிற ஏழையும், தனியாக இருக்கிற முதியவரும் எங்கே போவார்கள்? ஓர் ஐந்நூறு ரூபாய் மின்விசிறி வாங்கினால்கூட எப்படி மாட்டுவது என்று ஒரு தாள் வருகிறது. பாங்கி, பென்ஷன், காஸ் பதிவு, பிள்ளையின் நம்பர் எல்லாம் குடியிருக்கிற இந்தப் பொருளோடு வருகிற தாளில் இருப்பவையெல்லாம் பெரும்பாலும் எச்சரிக்கைகளும் பொறுப்பு மறுப்புகளும்தான்.

"தாள் கொடுத்தால் யார் படிக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். சினிமாக் கொட்டகையில் சிவப்பு வாளியில் மணல் தொங்குகிறது. படம் பார்க்க வருகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதனால் வாளியை எடுத்துவிடலாமா?

*

அந்தத் தாளில் அதிகம் ஒன்றும் வேண்டாம். நானே எழுதிக் கொடுக்கிறேன்; ராயல்டிகூட வேண்டாம்.

ஃபோன் எழவில்லை என்றால் முதலில் அரைமணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை எழ வழக்கத்தைவிட நேரமாகலாம், பொறுத்திருங்கள். அப்படியும் எழவில்லையென்றால், பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐஃபோன் 8-க்குப் பின் வந்தவற்றில், சத்தம் கூட்டும் பொத்தானை ஒரு முறை தட்டி, குறைக்கும் பொத்தானை ஒரு முறை தட்டி, பக்கவாட்டுப் பொத்தானைக் கம்பெனியின் சின்னம் வரும் வரையில் விடாமல் பிடியுங்கள். இவற்றால் எதுவும் அழியாது. சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டாக இருந்தால், பெயர் தோன்றும்போது சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்திக் கொண்டிருங்கள். பல ஃபோன்கள் சேஃப் மோடில் எழும். எழுந்தால், குற்றவாளி கடைசியாக வந்த ஓர் ஆப்பாக இருக்க இடமுண்டு. அதை நீக்குங்கள். எழுந்த ஃபோனில் முதல் வேலை பேக்கப்.

இன்னும் ஒன்றையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆனவுடன் விரல்ரேகையை ஏற்காமல் ரகசிய எண்ணைக் கேட்டால், அது கோளாறு அல்ல. அந்த எண்ணை ஒரு முறை போடும் வரையில் உங்கள் சேமிப்பு பூட்டியே இருக்கும். அதனால் அழைப்பவரின் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியலாம். செய்திகள் வராமல் இருக்கலாம். இது காவல். இதைத் தெரியாமல் 'ஃபோன் கெட்டுவிட்டது' என்று கடைக்கு ஓடி, இருப்பதையும் அழித்துக் கொள்ளாதீர்கள்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழில் அச்சடித்துப் பெட்டியில் போட எவ்வளவு காசு ஆகிவிடும்?

இதோடு இன்னும் இரண்டு காரியங்கள். அழிப்பதற்கு முன்னால், அழிக்காத வழிகள் எவையெவை முயன்று பார்க்கப்பட்டன என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குவது போல, நமக்குப் புரிகிற பாஷையில் சம்மதம் பெற வேண்டும். வாங்கிய சில நாட்களிலேயே எழுந்திருக்க மறுக்கும் ஃபோனை, விசாரணை இல்லாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல, நியாயங்கள். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான உபயோகத்துக்குப் போதிய விளக்கம் தராமல் பொருளை விற்று அதனால் தீங்கு நேர்வதை, உற்பத்தியாளரின் பொறுப்புகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 1915 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம்; பொருளின் விலை ஐந்து லட்சம் வரையில் கட்டணம் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல், ஃபோன்களின் அப்டேட்டுக்கும் உதிரி பாகங்களுக்கும் இத்தனை வருஷம் பொறுப்பு என்று விதித்துவிட்டார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? முடியும். ஆனால் கேட்கிறவர்கள் வேண்டும். கேட்பதற்கு முதலில், குற்றவாளிக் கூண்டிலிருந்து நாம் இறங்கி வர வேண்டும்.

போன வாரம் டீச்சரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில், மகனுடைய நம்பரை அட்டையில் முத்து முத்தான எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார். நான் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னேன். சேஃப் மோட், இரண்டு பொத்தான்கள், ஏரிப் படம், எல்லாம். அன்று கடையில் அவசரப்பட்டு 'செய்யட்டும்' என்று சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போகட்டும் சார். யாரையும் சொல்லிக் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டது நான்தானே? தப்பு என்னுடையதுதான்" என்றார்.

முப்பது வருஷம் பிறர் போட்ட கணக்கில் பிழை திருத்தியவர் போட்ட தப்புக் கணக்கு இது ஒன்றுதான். இதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன்.